சூப்பர்கேர்ளை வைத்துச் சிரிக்கலாமா?

பழையபெட்டி: 2012இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்த 'சூப்பர் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் ஃபாரெவர்' குறும்படங்களை நேற்று பார்த்தேன். லாரன் ஃபாஸ்ட் உருவாக்கியவை. காமிக்ஸ் வீராங்கனைகளான சூப்பர்கேர்ள், பேட்கேர்ள், வொண்டர் கேர்ள் மூவரும் தோழிகள். மொத்தம் ஐந்து, ஒவ்வொன்றும் ஒன்றேகால் நிமிடம். பார்த்தவர்கள் ஆளாளுக்கு இவற்றைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. 1959இல் காமிக்ஸுக்குள் வந்த சூப்பர்கேர்ள், பிறந்த ஊர் அழியத் தன்னந்தனியே பூமிக்கு வந்தவள். பேட்மேனுக்கு இருட்டும் சோகமும், பெண்களுக்கு மட்டும் கிச்சுகிச்சா?

மைக்கூடு: சோகம் இருந்தால்தான் மரியாதையா? ஆண்கள் நிறைந்த ஒரு வீரர் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு பெண் இருப்பாள். அவள் அசடு வழிந்தால் 'பெண்கள் இப்படித்தான்' என்பார்கள். அதனால் எழுதுகிறவர் பயந்துபோய் அவளைப் புத்திசாலியாக, பொறுப்பானவளாக, உப்புச்சப்பில்லாதவளாக ஆக்கிவிடுவார். மூன்று பேருமே பெண்கள் என்றால் அந்தச் சுமை இறங்கிவிடுகிறது. சூப்பர்கேர்ள் முன்கோபி. வொண்டர் கேர்ள் நிதானி. அபார சக்தி படைத்த இந்த இருவருக்கும் நடுவில் ஒரு சக்தியும் இல்லாத பேட்கேர்ள். அவளுக்குத்தான் வாய் ஓய்வதே இல்லை! அந்தப் பேச்சின் வேகத்திலேயே தெரிகிறது, பின்தங்கிவிடக் கூடாது என்கிற அவளுடைய தவிப்பு. ஒன்றேகால் நிமிடத்தில் இதைவிட என்ன வேண்டும்?

பழையபெட்டி: அழகாகச் சொல்கிறீர்கள். ஆனால் 2015இல் இதே வீராங்கனைகளை வைத்து 'டிசி சூப்பர் ஹீரோ கேர்ள்ஸ்' இணையத் தொடர் வந்ததும், பின்னாலேயே மேட்டல் நிறுவனத்தின் பொம்மைகளும் வந்தன. குறும்படமா, விளம்பரமா?

மைக்கூடு: அது விளம்பர வாடைதான், மறுக்கவில்லை. எல்லாரும் ஒழுக்கமான பள்ளி மாணவிகள், எனக்குச் சிரிப்பே வரவில்லை. 2019இல் லாரன் ஃபாஸ்ட் அதே பெயரில் புதிதாகச் செய்த தொடரில்தான் முன்கோபமும் ஓயாத வாயும் திரும்பி வந்தன.

வாலில்லாவௌவால்: நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ஹார்லி க்வின்னை மறந்துவிட்டீர்களே! 1992இல் பேட்மேன் அனிமேஷன் தொடரில், ஜோக்கரின் எடுபிடியாக, ஒரே ஒரு அத்தியாயத்துக்காக எழுதப்பட்டவள். அவளுடைய கோமாளித்தனம் பிடித்துப்போய்த் தக்கவைத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் காமிக்ஸுக்குள் போனாள். 2000இல் தொடங்கிய 'காத்தம் கேர்ள்ஸ்' இணையக் குறும்படங்களில் ஜோக்கரே இல்லாமல் அவளும் அவளுடைய தோழியான இன்னொரு வில்லி பாய்சன் ஐவியும் அடித்த கூத்து தனி.

பழையபெட்டி: ஹார்லி கோமாளியாகவே பிறந்தவள், அவளைச் சேர்க்காதீர்கள். என் கேள்வி சூப்பர்கேர்ளைப் பற்றி.

வாலில்லாவௌவால்: ஜோக்கரும் கோமாளிதான். அவனை யாரும் இலேசாக எடுத்துக்கொள்வதில்லையே?

பழையபெட்டி: ம். சரி, ஐந்தையும் மறுபடி ஓடவிட்டேன், ஆறேகால் நிமிடம்தானே. ஒரு இடத்தில் சிரித்துவிட்டேன். எந்த இடம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மைக்கூடு: பேட்கேர்ள்தானே?