முழு உடல் பயிற்சி தொடங்கி ஒரு மாதம்: ஷோல்டர் பிரஸ் 35 கிலோவில் நிற்கிறது, இடுப்பும் பிடிக்கிறது. அட்டவணையை மாற்றட்டுமா?

காலை6மணி:
வணக்கம். வயது 34, எடை 62 கிலோ, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. எடை தூக்கிப் பழக்கமே இல்லை. திங்கள், புதன், வெள்ளி காலையில் மட்டும்தான் ஜிம்முக்குப் போக முடியும். அதனால் போகும் ஒவ்வொரு நாளும் மொத்த உடம்புக்கும் வேலை கொடுக்கிற 5 செட், 5 ரெப்ஸ் முறையை (நிறுத்தாமல் 5 தடவை தூக்குவது ஒரு செட், ஒவ்வொரு தடவையும் ஒரு ரெப்) எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் ஸ்குவாட் (தோளில் ராடை வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), ரோயிங் (குனிந்து வயிற்றை நோக்கி இழுப்பது). அடுத்த முறை ஸ்குவாட், ஷோல்டர் பிரஸ் (தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிர்வது, இது மட்டும் ஒரே செட்).

20 கிலோ வெறும் ராடில் தொடங்கி ஒவ்வொரு முறையும் 5 கிலோ ஏற்றினேன். டெட்லிஃப்ட் மட்டும் 40இல் தொடங்கி இப்போது 65. ஸ்குவாட் 60இல் நின்றுவிட்டது. ஷோல்டர் பிரஸ் 35இல் மூன்று முறை முயன்றும் மூன்றாவது செட்டில் கை ஏறவில்லை. இரண்டு வாரமாக இடுப்பிலும் பிடிப்பு. செஸ்ட், பேக், ஷோல்டர், கை, கால் என்று ஆறு நாளாகப் பிரித்துச் செய்யும்படி ட்ரெய்னர் சொல்கிறார். எது சரி?

பழையகர்லா:
தம்பி, முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். வலி இடுப்போடு நிற்கிறதா, காலுக்கு இறங்குகிறதா? எந்தப் பயிற்சிக்கு மறுநாள் வருகிறது? டெட்லிஃப்டுக்கு ராடின் இரு முனையிலும் போடும் பிளேட் (எடை வட்டு) எவ்வளவு பெரியது? டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். காலில் மரத்துப்போவது, மின்சாரம் ஓடுவது போன்ற உணர்வு இருந்தால் ராடைத் தொடவே வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள்.

காலை6மணி:
காலுக்கு இறங்கவில்லை அண்ணா, மரத்துப்போவதும் இல்லை. டெட்லிஃப்ட் செய்த மறுநாள்தான் இரண்டு பக்கமும் இறுகிக்கொள்கிறது, அதற்கடுத்த நாள் சரியாகிவிடுகிறது. பிளேட் எல்லாம் இரும்பு, பெரியதே 10 கிலோதான். குறுக்களவு 30 செ.மீ. இருக்கிறது.

பழையகர்லா:
அதைத்தான் சந்தேகப்பட்டேன். போட்டிகளில் போடும் பெரிய பிளேட்டின் குறுக்களவு 45 செ.மீ. அதைப் போட்டால் ராடு தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். உங்களுடையது 15 செ.மீ.தான். அந்த ஏழரை செ.மீ. பள்ளத்துக்கு உடம்பு முதுகை வளைத்துத்தான் இறங்கும். நீங்கள் சோம்பலாகச் செய்வதால் வருகிற வலி இல்லை இது. இரண்டு பக்கமும் தடிமனான மரக்கட்டையோ சில பிளேட்டுகளோ அடுக்கி, ராடில் மாட்டிய பிளேட் அதன் மேல் நிற்கும்படி வையுங்கள். ராடின் நடு 22, 23 செ.மீ. உயரத்துக்கு வந்தால் போதும். வலி முழுதாகப் போகும்வரை டெட்லிஃப்ட் வேண்டாம். அப்புறம் 40இலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். பிடிப்பு குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுங்கள்.

அட்டவணையில் பெரிய தவறு இல்லை, ஏற்றும் வேகத்தில்தான் தவறு. ஸ்குவாட்டில் 60இலிருந்து 65 போவது பன்னிரண்டில் ஒரு பங்கு கூடுதல். ஷோல்டர் பிரஸ்ஸில் 30இலிருந்து 35 போவது ஆறில் ஒரு பங்கு! தோள் சின்னத் தசை, அதனால் அந்தத் தாவலைத் தாங்காது. ஒரு பக்கத்துக்கு 1.25 கிலோ பிளேட் கிடைத்தால் 5க்குப் பதில் 2.5 கிலோ ஏற்றலாம், பிரச்சினை பாதி தீர்ந்தது. கிடைக்காவிட்டால் எடையை விட்டுவிட்டு ரெப்ஸை ஏற்றுங்கள். 3 செட், 8 ரெப்ஸில் தொடங்குங்கள். மூன்று செட்டிலும் 12 வந்த பிறகுதான் அடுத்த எடை.

இனி இப்படிச் செய்யுங்கள்: முதல் நாள் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோயிங். அடுத்த முறை கட்டை வைத்த டெட்லிஃப்ட், டம்பெல் ஷோல்டர் பிரஸ், லாட் புல்டவுன் (உட்கார்ந்தபடி மெஷின் கம்பியை மேலிருந்து நெஞ்சுக்கு இழுப்பது). அந்த நாளில் ஒரு டம்பெலை நெஞ்சோடு பிடித்து லேசாக இரண்டு செட் ஸ்குவாட். ராடு ஸ்குவாட்டை 40க்கு இறக்குங்கள். இறக்குவதற்கு மனசு வராது, ஆனால் இறக்கியே ஆக வேண்டும்.

இன்னொன்று. வீட்டில் குத்தவைத்து உட்காரும்போது குதிகால் தரையில் இருக்கிறதா? இருந்தால் ஸ்குவாட்டுக்குத் தேவையான அளவு உங்கள் கணுக்கால் வளைகிறது. மெத்தென்ற ஓட்டப்பயிற்சி ஷூவைக் கழற்றிவிட்டுத் தட்டையான கேன்வாஸ் ஷூ போடுங்கள்.

ஆறு நாள் பிரிப்பு ஆறு நாளும் வர முடிகிறவர்களுக்கு நல்லதுதான். மூன்று நாள் வருகிறவர் அதைச் செய்தால் ஒரு தசைக்கு மறுபடி முறை வர இரண்டு வாரம் ஆகும். தொடக்கத்தில் அது மிக நீண்ட இடைவெளி.

மாடிவீட்டுடம்பெல்:
அண்ணா சொன்னதோடு சாப்பாட்டையும் பாருங்கள் தம்பி. நான் வீட்டில் 5 கிலோ டம்பெல் ஜோடியோடு ஷோல்டர் பிரஸ் தொடங்கினேன், முதல் மாதம் ஒரு ரெப்கூட அதிகமாகவில்லை. காலையில் இரண்டு இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு தோசை என்று ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. எடைப் பயிற்சி செய்கிறவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று வைத்தால் உங்களுக்கு நாளுக்கு 100 கிராம் பக்கம் வரும். ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் காய்ந்த சோயா உருண்டையில் 25க்கு மேல், ஒரு பெரிய டம்ளர் பாலில் 8. சுண்டல், மீன், தயிர் எதுவானாலும் சரி, ஒவ்வொரு வேளையிலும் ஒன்று தட்டில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். இரவு ஏழு மணி நேரமாவது தூங்குங்கள், ஆறு மணிக்கு ஜிம் என்றால் பத்தரைக்கே படுத்தாக வேண்டும்.

காலை6மணி (நான்கு வாரம் கழித்து):
அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. டெட்லிஃப்டை ஒரு வாரம் நிறுத்தியதும் பிடிப்பு போய்விட்டது, கட்டை வைத்து 50 வரை வந்துவிட்டேன், மறுநாள் ஒன்றும் இல்லை. ஸ்குவாட் 40இல் 12, 12, 12 முடித்து இந்த வாரம் 45இல் மூன்று எட்டு. டம்பெல் பிரஸ் கைக்கு 10 கிலோவில் 11 வருகிறது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறேன்.

ட்ரெய்னரிடம் பிளேட் அளவைச் சொல்லிக் காட்டினேன். அவரே தரையில் ராடை வைத்துக் குனிந்து பார்த்தார். அடுத்த வாரமே ஒரு ஜோடி 1.25 கிலோ பிளேட் வாங்கி வந்து ரேக்கில் மாட்டிவிட்டார். பெஞ்ச் பிரஸ்ஸுக்கு இப்போது அதைத்தான் போடுகிறேன்.