ஒயில் பேப்பரும் பிறீசர் பேப்பரும் ஒன்றா?

பரந்தன் தையல்காரி:
மாங்குளம் மலர் எழுதியதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. "கேக் தட்டுக்குப் போடுகிற ஒயில் பேப்பர் வீட்டில் இருக்கும்போது, ஒட்டுத்துணிப் போர்வையின் துண்டுகளுக்கு அச்சு வெட்ட வெளிநாட்டுப் பிறீசர் பேப்பர் எதற்கு? எல்லாம் ஒன்றுதான்" என்கிறார். ஒன்றே அல்ல. பிறீசர் பேப்பரில் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. அந்த மினுங்கும் பக்கத்தைத் துணியில் வைத்து அயன் பண்ணினால் ஒட்டும். வேலை முடிந்ததும் உரித்தெடுத்து, அதே அச்சைத் திரும்பவும் பாவிக்கலாம். ஒயில் பேப்பரில் இருப்பது மெழுகு. 60 பாகை அளவிலேயே உருகுகிற மெழுகைப் பருத்திக்கு வைக்கிற 200 பாகைச் சூட்டில் தேய்த்தால் என்ன ஆகும்? கறை விடும்.

மாங்குளம் மலர்:
இளஞ்சூட்டில் அயன் பண்ணுங்கள் என்று அடுத்த வரியிலேயே எழுதியிருந்தேன். அக்கா அதை வாசிக்கவில்லை. நான் அறுகோணத் துண்டுகள் தைத்து ஒரு கட்டில் விரிப்பே முடித்திருக்கிறேன், கறை இல்லை. ஏ9 வீதி நெடுகத் தேடினாலும் இங்கே எந்தக் கடையில் பிறீசர் பேப்பர் கிடைக்கும்? எல்லோருக்கும் கனடாவில் மாமி இல்லை.

பரந்தன் தையல்காரி:
என் மாமியை ஏன் இழுக்கிறீர்கள்? அவர் அனுப்பிய சுருளில் கேட்டவர்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்தேன், உங்களுக்கும்தான். சரி, விரிப்பு என்ன நிறம்? கடும் நிறச் சீத்தையில் மெழுகுக் கறை கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைத் துணியில் செய்து படம் போடுங்கள்.

வவுனியா ரெய்லர்:
இரண்டு பேரும் எந்தத் தாளைச் சொல்கிறீர்கள்? கடையில் மெழுகு பூசியதும் இருக்கிறது, சிலிக்கன் பூசிய பேக்கிங் பேப்பரும் இருக்கிறது. சிலிக்கன் தாள் துணியில் ஒட்டாது, 200 பாகையையும் தாங்கும். நான் கொலர் விறைப்பாக நிற்கப் பசைக் கன்வஸ் துணி ஒட்டும்போது மேலே அதைத்தான் போடுகிறேன், அயன் பெட்டியில் பசை பிடிக்காது.

பரந்தன் தையல்காரி:
தம்பி, கொலரைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. பேச்சு கறையைப் பற்றியது.

முள்ளியவளை அன்ரி:
பிளாஸ்டிக்தான் ஒட்டுகிறது என்றால் சோற்றுப் பொதி கட்டுகிற லஞ்ச் சீற்றை வெட்டி வைத்தால் என்ன பிள்ளைகள்?

பரந்தன் தையல்காரி:
ஐயோ அன்ரி, வேண்டாம்! அது முழுக்கப் பொலித்தீன், தாளே இல்லை. உருகி அயன் பெட்டியின் அடியில் பிடித்துவிடும். 2017 இல் தடை செய்த சாமானை இன்னும் வைத்திருக்கிறீர்களா?

முள்ளியவளை அன்ரி:
வைத்திருந்தால் உனக்கென்ன? கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும்.

மாங்குளம் மலர்:
அன்ரி, அவர் எல்லோரிடமும் அப்படித்தான். போன வருடம் பொத்தான் துளை விஷயத்திலும் என்னைப் பேசவிடவில்லை. அப்படியே கறை பட்டாலும், கொப்பிக்கு உறை போடுகிற பிறவுண் பேப்பரை மேலே வைத்து அயன் பண்ணினால் மெழுகை அது உறிஞ்சிவிடும்.

பரந்தன் தையல்காரி:
"பட்டாலும்"! இப்போது வாயில் வந்துவிட்டது. கறையே இல்லை என்றவர் கறை எடுக்க வழி சொல்கிறார். பொத்தான் துளையிலும் நான் சொன்னதுதான் சரி: முதலில் சுற்றித் தைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

வவுனியா ரெய்லர்:
அச்சுத் தாளை உள்ளே வைத்து மெசினில் தைப்பவர்கள் தையல் நீளத்தை 1.5 மி.மீ. அளவுக்குக் குறுக்குங்கள், பிறகு தாளைக் கிழித்தெடுப்பது சுகம். அதற்குச் சாதாரண கொப்பித் தாளே போதும். பிறீசரும் வேண்டாம், ஒயிலும் வேண்டாம்.

மாங்குளம் மலர்:
கொப்பித் தாள் துணியில் ஒட்டாதே! ஊசி குத்திப் பிடிக்க வேண்டும், துண்டு நகர்ந்துவிடும்.

வவுனியா ரெய்லர்:
இருபது வருடமாகக் கடை வைத்திருப்பவனுக்கு ஊசி குத்தத் தெரியும், தங்கச்சி.

பரந்தன் தையல்காரி:
பேச்சை மாற்ற வேண்டாம். வெள்ளைத் துணிப் படம் எங்கே?

மாங்குளம் மலர்:
உங்களுக்குக் கணக்குக் காட்ட நான் போர்வை தைக்கவில்லை.

பரந்தன் தையல்காரி:
அப்போ கறை விடும்.