கலைச்சொல்: காந்த முனைகளை மூடி வைக்கும் இரும்புத் துண்டு

அன்பர்களுக்கு வணக்கம்.

தொடக்கப்பள்ளிக்கான காந்தச் செயல்பாட்டுக் கையேட்டுக்கு ஒரு சொல் தேவை. சட்டக் காந்தங்களை இரண்டிரண்டாக, ஒன்றின் வடமுனைக்குப் பக்கத்தில் மற்றதன் தென்முனை வருமாறு அடுக்கி, நடுவே மரக்கட்டை கொடுத்து, இருபுறமும் குறுக்கே தேனிரும்புத் (மென்மையான, ஏறக்குறையத் தூய இரும்பு) துண்டு வைக்கிறோமே, அந்தத் துண்டுக்கு. ஆங்கிலத்தில் 'கீப்பர்'. 'காப்பான்' என்றால் ஆளைக் குறிக்கிறது. எதனால் ஆனது என்றும் தெரியாது. பெயரில் இரும்பு இல்லாவிட்டால் அட்டையையோ பிளாஸ்டிக்கையோ வைத்து மூடிவிடுவார்கள், காந்தம் வலுவிழந்துகொண்டே போகும். 'காப்பிரும்பு' சரிவருமா?

மறுமொழி:

ஐயா, குழந்தைகள் இதைக் 'காப்பி' என்று பிரித்துத்தான் வாசிப்பார்கள். 'இணைப்பிரும்பு' எனலாமே? அது செய்யும் வேலையை வகுப்பிலேயே காட்டிவிடலாம். லாடக் காந்தத்தின் முனைகளில் வெளிப்பக்கமாகக் குண்டூசிகளைத் தொங்கவிட்டு, இரு முனைகளையும் இணைத்து இரும்புத் துண்டை ஒட்டினால் பெரும்பாலான ஊசிகள் உதிரும். காந்தப்புலம் வெளியே பரவாமல் இரும்பு வழியே போய்விடுகிறது. ஆணியை வைத்தால் உதிராது: மெல்லிய இரும்பு அவ்வளவு புலத்தையும் தாங்காது. துருவோ பெயின்டோ இருந்தாலும் இடைவெளி விழுந்து சோதனை சொதப்பும். வெல்டிங் பட்டறையில் 5 மி.மீ. தடிமனுள்ள பட்டை இரும்பை, முனைகளின் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வெட்டி வாங்கி, பிசிறு போக அரத்தால் ராவினால் போதும். ரம்பத் தகடு போன்ற கடின எஃகு வேண்டாம், அதுவே காந்தமாகி நின்றுவிடும்.

மறுமொழி:

சோதனை அருமை, அப்படியே கையேட்டில் சேர்க்கிறேன். ஆனால் 'இணைப்பிரும்பை' விட்டுவைப்போம். மோட்டாரிலும் மின்மாற்றியிலும் நிலையாகப் பொருத்தப்படும் 'யோக்' என்ற பாகத்துக்கு அது பொருந்தும். நாம் பேசுவது, காந்தத்தைப் பயன்படுத்தும்போது கழற்றி, முடிந்ததும் திரும்ப மாட்டும் துண்டு. காப்பதுதான் அதன் வேலை. வாசிப்புச் சிக்கலுக்காகக் கையேடு முழுவதும் 'காப்பு இரும்பு' என்று பிரித்தே அச்சிடலாம்.

விளக்கத்தில் ஒன்றைத் தவறாமல் சேர்க்க வேண்டும்: இது எஃகு, அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த இரும்புக் கலவை) காந்தங்களுக்கே தேவை. ஒலிபெருக்கியிலிருந்து கழற்றும் கறுப்பு வளையக் காந்தம் ஃபெர்ரைட், அதாவது இரும்பு ஆக்சைடைக் கொண்டு பீங்கான்போலச் சுட்டுச் செய்தது. எளிதில் வலுவிழக்காது, காப்பு இரும்பு இல்லாமலே வைக்கலாம். கீழே போட்டால் உடையும் என்பதால் அதற்குத் துணி சுற்றினால் போதும்.