ஆல்ஃப்ரிஸ்டன் பாதிரியார் வீட்டுத் தரை: பாலும் சாக்குக்கல்லும் இறுகுமா?

செங்கல்தாசன்: நேற்று இங்கே ஒருவர் எழுதியது: “இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸில் உள்ள ஆல்ஃப்ரிஸ்டன் பாதிரியார் வீட்டின் தரை, இடித்த சாக்குக்கல்லில் (chalk எனும் வெள்ளை மென்கல்) புளித்த பால் ஊற்றியது. சிமெண்ட் மாதிரி இறுகும்.” படித்ததும் எரிச்சல்தான் வந்தது. பாலில் உள்ள கேசீன் என்ற புரதம், சுட்டு நீற்றிய சுண்ணாம்போடு சேர்ந்தால்தான் கெட்டிப் பசையாகும். சாக்குக்கல் சுடாத கல். அதோடு எப்படி இறுகும்?

ஓக்கிலை: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். வீட்டை வைத்திருக்கும், பழைய இடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்டே பால் என்றுதான் சொல்கிறது. 1896இல் 10 பவுண்டுக்கு வாங்கியவர்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

செங்கல்தாசன்: பால் ஊற்றவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? சாக்குக்கல்லும் சுண்ணாம்பும் ஒன்றா? அதற்குப் பதில் வேண்டும்.

மரவாடி: தரையை விடுங்கள் ஐயா. அது வீல்டன் வகை வீடு. நடுவில் கூரைவரை திறந்த கூடம், இரு பக்கமும் முன்னே நீட்டிய மாடி அறைகள், எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. அதனால் நடுப்பகுதி உள்வாங்கித் தெரியும். அங்கே கூரை விளிம்பைத் தாங்க வளைந்த மரங்கள் கொடுப்பார்கள். அந்தத் தச்சுவேலையைப் பேச ஒருவருக்கும் மனசில்லையே!

செங்கல்தாசன்: கூடம் என்றால் தரையும் சேர்த்துத்தான். அந்தக் காலத்தில் கூடத்தின் நடுவிலேயே அடுப்பு எரியும், புகைபோக்கி கிடையாது. நெருப்பும் நடமாட்டமும் உள்ள இடத்தில் வெறும் பால் எத்தனை நாள் தாங்கும்? சாக்குக்கல் சுண்ணாம்பு ஆகாது.

ஓக்கிலை: ஆக வேண்டாம். இடித்து இறுக்கிய கல்லின் மேல் பால் காய்ந்தால் தூசி கிளம்பாது. டிரஸ்டின் முதல் சொத்தைப் பற்றி இப்படிக் குறை சொல்லாதீர்கள்.

மரவாடி: முதல் சொத்து இல்லை, முதல் கட்டடம். வேல்ஸின் தீனாஸ் ஒலை மலைச்சரிவு 1895இலேயே வந்துவிட்டது. போன தடவையும் இதே தப்பைத்தான் செய்தீர்கள்.

ஓக்கிலை: வீட்டைப் பற்றிப் பேசும்போது மலை எதற்கு? நான் இரண்டு முறை நேரில் போய் அந்தத் தரையில் நடந்தவன். நீங்கள்?

மரவாடி: நடந்தால் முதல் சொத்து ஆகிவிடுமா?

செங்கல்தாசன்: இரண்டு பேரும் பேச்சை மாற்றுகிறீர்கள். “தூசி கிளம்பாது” என்பது வேறு, “சிமெண்ட் மாதிரி இறுகும்” என்பது வேறு. நேற்று எழுதியது இரண்டாவது. சுடாத சாக்குக்கல் பாலோடு எப்படி இறுகும்? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

ஓக்கிலை: முப்பது தடவை கேளுங்கள். எழுதியதை மாற்றப் போவதில்லை.