சென்னையிலிருந்து மெல்பர்ன் வரை: கைப்பையில் எதைக் கட்டிக்கொண்டு வருவது?

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ நாலரை மணி நேரம், அங்கிருந்து மெல்பர்னுக்கு ஏழரை மணி நேரம் என்று கணக்குப் போட்டால் பயணம் பெரிதாகத் தெரியாது. ஆனால் மூன்று மணி நேரம் முன்னதாக மீனம்பாக்கம் போய் நிற்பதையும், இடையில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பதையும், இங்கே இறங்கிய பின் வரிசையில் நகர்வதையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டில் சாப்பிட்ட கடைசி வாய்க்கும் இங்கே சாப்பிடும் முதல் வாய்க்கும் நடுவே பெரும்பாலும் பதினெட்டு, இருபது மணி நேரம் ஓடிவிடுகிறது. விமானத்தில் தரும் உணவு அந்த நேரம் முழுவதையும் ஈடுகட்டாது. அது வரும் வேளையும் நமக்குப் பசிக்கும் வேளையும் பொருந்துவதும் அரிது. ஆகவே கைப்பையில் ஏதாவது கட்டிக்கொள்வது நல்லதுதான். ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு வருகிறவர்கள், தரையிறங்குவதற்குள் தின்று தீர்த்துவிடக்கூடிய அளவுக்கு மட்டுமே கட்ட வேண்டும் என்பது என் கருத்து.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முறை வந்தபோது அம்மா என் கைப்பையில் ஒரு பெரிய பை நிறைய முறுக்கு, எவர்சில்வர் டப்பாவில் பால்கோவா, ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் ஆகியவற்றை வைத்திருந்தார். ஊறுகாய் சென்னைப் பாதுகாப்புச் சோதனையிலேயே போயிற்று. முறுக்கை இரவு முழுவதும் கொறித்துக்கொண்டே வந்ததில் நாக்கு வறண்டு, கால் வீங்கி, இறங்கும்போது ஷூவுக்குள் பாதம் நுழையவில்லை. பால்கோவாவை மெல்பர்ன் விமான நிலையத்தின் உயிரியல் பாதுகாப்பு அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டு, கழுவவும் வழியில்லாத வெறும் டப்பாவோடு வெளியே வந்தேன்.

விமானத்துக்குள் நம் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது எளிதாகிவிடும். அங்கே இருக்கும் காற்றழுத்தம் தரைமட்டத்தில் உள்ளது அல்ல. ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள ஒரு மலையில், அதாவது ஊட்டியை ஒத்த உயரத்தில், உட்கார்ந்திருப்பதற்குச் சமமானது. அழுத்தம் குறையும்போது வாயு விரிகிறது. சிப்ஸ் பாக்கெட் தலையணை போல உப்புவதற்குக் காரணம் இதுவே. அதே விரிவு நம் குடலுக்குள்ளும் நடக்கிறது. தரையில் தொந்தரவு தராத சுண்டலும் பட்டாணியும் சோடாவும் மேலே போனதும் வயிற்றை இறுக்குவதற்கு இதுதான் காரணம். காற்றில் ஈரப்பதமும் பெரும்பாலும் இருபது விழுக்காட்டுக்குக் கீழே இருப்பதால் மூக்கும் வாயும் வறண்டு, உப்பும் இனிப்பும் நாக்குக்கு மந்தமாகத் தெரிகின்றன. உணவு சப்பென்று இருக்கிறதே என்று காரசாரமான மிக்சரைத் தேடிக் கை போவது இதனால்தான். அந்த ஆசைக்கு இணங்கினால் உடலில் சேரும் உப்பின் அளவை நாக்கு காட்டிக்கொடுக்காது. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்கும் குறைவாகவே உப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் நாளில் உப்பு மிகுந்தால் வீக்கம் இன்னும் கூடும்.

எனவே முறுக்கு, காராசேவு, தட்டை ஆகியவற்றை நான் கைப்பையில் வைப்பதை விட்டுவிட்டேன். வேண்டுமானால் பெரிய பெட்டியில் வரட்டும். கைப்பைக்கு நான் தேர்ந்தெடுப்பவை உப்புச் சேர்க்காமல் வறுத்த பாதாமும் முந்திரியும், நாலைந்து பேரீச்சம்பழம், எலுமிச்சை அளவில் பிடித்த எள்ளுருண்டை, நெய் அதிகம் விடாத சத்துமாவு உருண்டை ஆகியவைதான். வறுத்த வேர்க்கடலை மலிவானது, ஒரு கைப்பிடியில், அதாவது 30 கிராமில், ஏழு கிராம் அளவுக்குப் புரதமும் உண்டு. ஆனால் பக்கத்து இருக்கையில் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர் யாரேனும் இருக்கலாம் என்பதால், பணிப்பெண் அறிவிப்பு ஏதும் செய்கிறாரா என்று கவனித்துவிட்டுப் பிரிப்பது மரியாதை. பொரிகடலையும் நல்லதுதான், ஆனால் அதுவும் பருப்பு வகை என்பதால் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டாமல் ஒரு வேளைக்கு ஒரு சிறு பொட்டலமாகக் கட்டிவைத்தால் எவ்வளவு தின்றோம் என்பது தெரியும். இருட்டில் பெரிய பைக்குள் கையை விட்டால் அடி தெரியும்வரை கை நிற்பதில்லை.

வயிறு நிறையும்படியாக ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு மிளகாய்ப்பொடி இட்லியைவிடச் சிறந்த வழித்துணையை நான் கண்டதில்லை. ரயில் பயணத்துக்கு நம் பாட்டிமார் கட்டிக்கொடுத்ததும் அதைத்தானே. ஆனால் கட்டும் முறையில் கவனம் வேண்டும். இட்லியைச் சூட்டோடு கட்டினால் ஆவி உள்ளேயே தங்கி, வேர்த்து, சில மணி நேரத்தில் நசநசத்துப் புளித்துவிடும். கிளம்பும் நாள் மாலையில் வார்த்து, தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, இரண்டு பக்கமும் நல்லெண்ணெய் தடவி, பூண்டு சேர்க்காத பொடியில் புரட்டி, அரை மணி நேரம் ஊறிய பிறகு கட்ட வேண்டும். பூண்டு வேண்டாம் என்பது சுவைக்காகச் சொன்னதல்ல. மூடிய கூண்டுக்குள் முந்நூறு பேருக்கு நடுவே பொட்டலத்தைப் பிரிக்கப்போகிறோம். தேங்காய்ச் சட்னியை வழித்துணையாக நினைக்கவே கூடாது. சாதத்திலும் எச்சரிக்கை தேவை: வெந்த சோற்றிலும் பிழைத்திருக்கும் சில நுண்ணுயிரிகளின் வித்துகள் அறை வெப்பத்தில் பெருகி வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரக்கூடியவை. புளியும் எண்ணெயும் தாராளமாக உள்ள புளியோதரை ஓரளவு தாங்கும் என்றாலும் அதையும் நான் சிங்கப்பூர் தாண்டி வைத்துக்கொள்வதில்லை.

வாழையிலையில் கட்டுகிறவர்களுக்கு ஒரு சொல்: அந்த இலையே ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுவரக்கூடாத பச்சைத் தாவரப் பொருள். இட்லியைத் தின்றுவிட்டோம், இலைதானே என்று பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். பட்டர் பேப்பரில் கட்டிவிட்டால் இந்தக் கவலை இல்லை. வாழைப்பழம், கொய்யா, நறுக்கிய வெள்ளரி, கேரட் போன்றவை வறண்ட காற்றுக்கு இதமானவை, நார்ச்சத்தும் உள்ளவை. ஆனால் அவற்றை முதல் விமானத்திலேயே முடித்துவிட வேண்டும்.

பாதுகாப்புச் சோதனையில் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது திரவம் என்ற சொல்லில்தான். 2006ஆம் ஆண்டில் பிரிட்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று வெளிப்பட்ட பிறகு வந்த கட்டுப்பாடு, ஒரு கொள்கலத்துக்கு 100 மில்லிலிட்டர் என்பது. தண்ணீர் மட்டுமல்ல, தயிர், ஊறுகாய், துவையல், நெய், ஜாம் என்று குழைவாகவோ வழியக்கூடியதாகவோ இருக்கும் அனைத்தும் அதில் அடங்கும். தயிர்சாதம் திரவமா திடமா என்று சோதனை மேசையில் வாதாடுவதைவிட அதை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது நிம்மதி. கொப்பரைத் தேங்காயையும் வைக்காதீர்கள்; எண்ணெய்ப் பசை மிகுந்து தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள் என்று விமானப் போக்குவரத்து விதிகளில் அது வகைப்படுத்தப்பட்டுள்ளது. தண்ணீருக்கு ஒரு காலிப் பாட்டில் போதும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பெரும்பாலான முனையங்களில் சோதனை ஏறும் வாயிலிலேயே நடப்பதால், அதற்கு முன் நிரப்பிய பாட்டிலை அங்கே கவிழ்க்கச் சொல்வார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சைவம் உண்பவர்கள் பயணச்சீட்டு வாங்கும்போதே சிறப்பு உணவைக் குறித்துவிட வேண்டும். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பாவது தெரிவிக்க வேண்டும் என்பது வழக்கம். அந்தப் பட்டியலில் ஹெச்.என்.எம்.எல். என்று வரும் இந்து உணவு சைவ உணவு அன்று. மாட்டிறைச்சி இராது என்பதே அதன் பொருள், கோழியோ மீனோ ஆட்டிறைச்சியோ இருக்கலாம். நமக்கு வேண்டியது ஏ.வி.எம்.எல்., அதாவது இந்திய முறையில் சமைத்த சைவ உணவு. பெயரைப் பார்த்து ஏமாந்து, பன்னையும் பழத்தையும் மட்டும் தின்று பசியோடு இறங்கிய பெரியவர்களை எனக்குத் தெரியும்.

பெற்றோரை அழைத்து வருகிறவர்கள், அவர்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மெல்பர்ன் நேரம் சென்னையைவிட நாலரை மணி நேரம் முன்னே இருக்கிறது, கோடைக்கால நேரக் கணக்கில் அது ஐந்தரை மணி நேரம். இன்சுலினும் மாத்திரையும் எந்த ஊர் நேரப்படி என்பதைப் புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உணவு வண்டி வருமென்று நம்பி ஊசியைப் போட்டுக்கொண்ட பிறகு, விமானம் குலுங்கி, வண்டி பின்னாலேயே நின்றுவிடுவது உண்டு. அப்படி ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகும் நேரத்துக்கு வேண்டியது பாதாம் அல்ல, விரைந்து ஏறும் சர்க்கரை: 15 கிராம் குளுக்கோஸ் அளவுக்கு மாத்திரையோ பொடியோ சட்டைப் பைக்குள்ளேயே இருக்க வேண்டும், தலைக்கு மேலே உள்ள பெட்டிக்குள் அல்ல. கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பாருங்கள்.

இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பையைத் திறந்து மீதி என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். விமானத்தில் கொடுத்த ஆப்பிளையும் ஆரஞ்சையும் உள்ளேயே விட்டுவிட வேண்டும். பர்பி, குலாப் ஜாமுன், ரசகுல்லா போன்ற பால் இனிப்புகளுக்கு இங்கே அனுமதி கிடையாது, கால்நடை நோய் பற்றிய அச்சமே காரணம். கறிவேப்பிலைக் கொத்தும், பெட்டியில் வரும் அரிசி, பருப்பு, கொத்தமல்லி விதை, காய்ந்த மிளகாய் போன்றவையும் வேண்டாம். தானியத்தை அரிக்கும் கப்ரா வண்டு நுழைந்துவிடக்கூடாது என்பதில் இந்த நாடு மிகக் கடுமையாக இருக்கிறது. மற்றபடி எந்த உணவு மிஞ்சியிருந்தாலும் வருகை அட்டையில் உணவு பற்றிய கேள்விக்கு ஆம் என்று குறியுங்கள். குறித்துக் காட்டிய பொருள் அனுமதிக்கப்படாததாக இருந்தால் எடுத்துக்கொள்வார்களே தவிர அபராதம் போடமாட்டார்கள். மறைத்தால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும், சிலவகைத் தற்காலிக விசாக்களை ரத்து செய்யவும் வழியிருக்கிறது.

சென்ற முறை அம்மா தனியாக வந்தபோது அவருடைய பையில் மிஞ்சியிருந்தவை இரண்டு எள்ளுருண்டையும் அரைப் பொட்டலம் பாதாமும்தான். ஆம் என்று குறித்த அட்டையோடு இரண்டையும் கையில் ஏந்திக்கொண்டே வரிசையில் நின்றாராம். அதிகாரி பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டு, அரை நிமிடத்தில் அனுப்பிவிட்டார்.