தாம்பூலப் பைக்கு போட்டோ மேக்னட்: சின்னதா, பெருசா?

கோத்தகிரிப் பேத்தி:
தாத்தாவுக்கு 80. சதாபிஷேகத்துக்கு வர்றவங்களுக்குத் தாம்பூலப் பையில தேங்காயோட ஒரு போட்டோ மேக்னட்டும் போடணும்னு அப்பா முடிவு பண்ணிட்டார். 120 வேணும். படம் ரெடி: தேயிலைத் தோட்டத்துக்கு முன்னால 23 பேர், ரெண்டு வரிசை, போன்ல எடுத்தது. 2.5 இன்ச் சதுரம் போதும், செலவு கம்மின்னு சித்தப்பா. 6க்கு 4தான் வேணும்னு அப்பா. மூணு நாளா வீட்டில் இதே பஞ்சாயத்து. நீங்களாவது ஒரு வழி சொல்லுங்க.

சின்னதே போதும்:
என் ஓட்டு சித்தப்பாவுக்கு. குன்னூர்ல ஹோம்ஸ்டே நடத்தறோம், வர்ற விருந்தாளிகளுக்கு 2.5 இன்ச் மேக்னட்தான் கொடுத்து அனுப்பறோம். பெருசா கொடுத்தா ஒட்ட இடம் எங்க? ஃபிரிட்ஜ் கதவுல ஏற்கெனவே கேஸ்காரர் நம்பர், பால் கணக்கு, பையனோட டைம்டேபிள். 6க்கு 4 ஒரு வாரம் இருக்கும், அப்புறம் பீரோ பக்கவாட்டுக்கு ஜாகை மாறிடும். ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் விக்கிறதைப் பாருங்க, எல்லாமே உள்ளங்கைக்குள்ள அடங்கும்.

லேமினேஷன்காரர்:
அங்க விக்கிறதுல இருக்கிறது ஒரே ஒரு ரயில் இன்ஜின் சார். இங்க 23 தலை! மலை ரயில் கல்லாறு தாண்டி ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்துதான் தள்ளும். முழு வண்டியையும் 2.5 இன்ச்சுல அடக்கினா இன்ஜின் எந்தப் பக்கம்னே தெரியாது. அதனாலதான் இன்ஜினை மட்டும் வெட்டிப் போடறாங்க.

பேத்தி, இப்படிக் கணக்குப் போடுங்கம்மா. வரிசைக்கு 12 பேர். 2.5 இன்ச்னா சுமார் 63 மி.மீ. ஒரு ஆளுக்கு 5 மி.மீ. கிடைக்கும், அதுல முகம் ரெண்டு மி.மீ. கடுகு. 5 இன்ச் அகலம்னா ஆளுக்கு 10 மி.மீ.க்கு மேல வரும், முகம் மிளகு அளவு. மிளகுல கண்ணு, மூக்கு தெரியும். கடுகுல தெரியாது.

இன்னொண்ணு. போன் படம் 4க்கு 3 விகிதம். சதுரமாக்கினா அகலத்துல கால் பங்கு போயிடும். ஓரம் வரைக்கும் ஆள் நிக்கிற படம்னா வரிசைக்கு மூணு பேர் காலி. ஓரத்துல யார் நிக்கிறாங்கன்னு முதல்ல பாருங்க.

கோத்தகிரிப் பேத்தி:
ஐயோ, ரெண்டு மாப்பிள்ளைகளும் ஓரத்துலதான் நிக்கிறாங்க 😭

கொடை அத்தை:
அப்போ சதுரத்தை மறந்துடு கண்ணு. மாப்பிள்ளையை வெட்டிட்டு விசேஷம் நடத்த முடியுமா? எனக்கும் வயசு 67, சின்னப் படத்தைப் பார்க்கக் கண்ணாடி தேட வேண்டியிருக்கு. ஆனா பெருசுலயும் ஒரு வம்பு இருக்கு. எங்க வீட்டு விசேஷத்துக்கு 6க்கு 4ல தடியான அக்ரிலிக் மேக்னட் அடிச்சோம். ஃபிரிட்ஜை அடிச்சுச் சாத்தினா ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் கீழே இறங்கும். ஒரு நாள் விழுந்து மூலை உடைஞ்சது.

சின்னதே போதும்:
அதையேதான் நானும் சொல்றேன். பெருசு நிக்காது.

லேமினேஷன்காரர்:
இல்லீங்க. அக்கா சொல்றது அக்ரிலிக். அதுக்குப் பின்னாடி சின்னதா பொட்டுக் காந்தம் இருக்கும். பலகை பெருசானாலும் பொட்டு அதேதான், அதான் வழுக்குது. முதுகு முழுக்கக் காந்த ஷீட்னா சைஸ் கூடக் கூட பிடிப்பும் சேர்ந்தே கூடும். அங்க பார்க்க வேண்டியது தடிமன். 0.5 மி.மீ. ஷீட்டுல பெரிய படம் போட்டா மூலை சுருண்டு காத்து புகுந்திடும். 0.75 கேளுங்க. நம்ம மலை ஈரத்துக்கு லேமினேஷனும் ஓரம் வரைக்கும் இருக்கணும், இல்லேன்னா ஆடி மழையில பேப்பர் உப்பிடும்.

சின்னதே போதும்:
சார் கடை வெச்சிருக்கார், பெருசு வித்தாத்தானே லாபம்.

லேமினேஷன்காரர்:
லாபம் பார்க்கிறவன் 6க்கு 4 இல்ல சொல்லணும்? நான் சொல்றது 5க்கு 3.5. கடையில ஏ4 ஷீட்டுல அடிக்கிறோம். வெட்டறதுக்குச் சுத்தி 3 மி.மீ. விட்டா 6க்கு 4 ரெண்டுதான் வரும், மிச்சம் குப்பைக்கு. 5க்கு 3.5 நாலு வரும். 120க்கு 60 ஷீட் ஆகிற இடத்துல 30. படமும் அதிகம் வெட்டுப்படாது: 6க்கு 4ல உயரத்துல ஒன்பதுல ஒரு பங்கு போகும், இதுல பதினஞ்சுல ஒண்ணுதான்.

சின்னதே போதும்:
சரி, கணக்கை ஒத்துக்கறேன். ஆனா 23 பேர் படம் எதுக்குன்னு யாரும் கேக்கலையே? விசேஷம் தாத்தாவுக்கு. தாத்தா பாட்டி ரெண்டு பேர் முகம் மட்டும் போட்டா 2.5 இன்ச்சே தாராளம். சித்தப்பா தோத்தது சைஸ்ல இல்ல, படத்துல.

கொடை அத்தை:
இது நியாயமான பேச்சு. ஆனா அந்த 23 பேருல ஒருத்தர் விடாம "நான் எங்கே"ன்னு கேப்பாங்க. அதுக்கு நீங்க வந்து பதில் சொல்வீங்களா தம்பி?

லேமினேஷன்காரர்:
பேத்தி, காசு செலவில்லாத சோதனை ஒண்ணு. மூணு சைஸ்லயும் சாதாரண பேப்பர்ல பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜுல டேப் போட்டு ஒட்டுங்க. சமையல் மேடையிலிருந்து பார்க்கட்டும். கடைக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதீங்க, சுருங்கிடும். டாக்குமெண்டா அனுப்புங்க. சில ஸ்டீல் கதவுல காந்தமே பிடிக்காது, அதுக்கு நான் பொறுப்பில்ல.

கோத்தகிரிப் பேத்தி:
ஒட்டினோம். 2.5 இன்ச்சைப் பாட்டி கவனிக்கவே இல்ல, ஸ்டிக்கர்னு நினைச்சுட்டாங்க. 5க்கு 3.5 கிட்ட நின்னு ஒவ்வொருத்தரா விரல் வெச்சுப் பார்த்தாங்க. அப்பா, சித்தப்பா ரெண்டு பேரும் வாயை மூடிட்டாங்க. சைஸ் முடிவு.

அப்புறம் பாட்டி கேட்டாங்க: "பெரிய மாப்பிள்ளை ஏன் கண்ணை மூடிட்டு நிக்கிறார்?"

ஞாயித்துக்கிழமை 23 பேரையும் மறுபடி தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். மிஸ்ட் இல்லாம இருக்கணும்.