அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரம்: கொழும்பில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வெள்ளவத்தை மாணவன்

வணக்கம். உயர்தரத்தில் பௌதிகவியல் கற்ற நான், அமெச்சூர் வானொலி (பொழுதுபோக்காக வானொலி வழியே மற்றவர்களோடு பேசுதல்) அனுமதிப்பத்திரம் பெற விரும்புகிறேன். முதலில் மலிவான கையடக்க வானொலிக் கருவி ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்துப் பேசிப் பழகிவிட்டு, பிறகு பரீட்சைக்குத் தோற்றலாம் என்கிறார் நண்பர் ஒருவர். அது முறையா? மோர்ஸ் குறியீடு (புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) கட்டாயமா? எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் அன்டெனா அமைக்க இடமும் குறைவு.

மறுமொழி: கொட்டாஞ்சேனை நேயர்

தம்பி, அந்த யோசனையை ஏற்க வேண்டாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், ஒலிபரப்பும் கருவியை இயக்குவதற்கும் வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். சட்டத்துக்கு அப்பாலும் காரணம் உண்டு. அத்தகைய கைக்கருவிகள் பல 136 முதல் 174 மெகாஹேர்ட்ஸ் வரை எங்கும் ஒலிபரப்பக்கூடியவை. கப்பல்கள் ஆபத்தில் உதவி கோரும் 156.8 மெகாஹேர்ட்ஸும் அதற்குள்தான் அடங்குகிறது. துறைமுகம் உள்ள ஊரில், தெரியாமல் அழுத்தும் ஒரு பொத்தான்கூட ஓர் அபாய அழைப்பை மறைத்துவிடலாம். ஆகவே முதலில் பரீட்சை, பின்னர் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி (உங்கள் நிலையத்தின் அடையாளப் பெயர்), அதன் பிறகே கருவி.

மோர்ஸைப் பொறுத்தவரை, 30 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே பேசுவதற்கு அது கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003இல் தளர்த்தப்பட்டு, முடிவு அந்தந்த நாட்டிடம் விடப்பட்டது. எனவே பழைய வழிகாட்டிகளை நம்பாமல், ஆணைக்குழுவின் நடப்புப் பாடத்திட்டத்தையே கேட்டுப் பெறுங்கள்.

மறுமொழி: தெஹிவளை அக்கா

மேலே சொன்னது அனைத்தும் சரி. ஆனால் காத்திருக்கும் காலத்தை வீணாக்க வேண்டியதில்லை. கேட்டுப் பழகுங்கள். சாதாரணச் சிற்றலை வானொலியில் ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சு (அமெச்சூர் நேயர்கள் சிற்றலையில் பெரும்பாலும் பேசும் முறை) வாத்துக் கத்துவதுபோலத்தான் கேட்கும் என்பதால், அதைப் பிரித்தறியும் வானொலி வாங்கி தேவை. இல்லாவிட்டால் இணையவழி வாங்கிகள் போதும். மாலையில் 7 மெகாஹேர்ட்ஸைக் கேட்டால், அழைப்புக்குறியை எழுத்தெழுத்தாகச் சொல்லும் முறையும், சமிக்ஞையின் தரத்தை 59 (தெளிவு 5, வலிமை 9) என்று அறிவிக்கும் வழக்கமும் தாமாகவே பழகிவிடும்.

இடம் குறைவு என்று கவலைப்படாதீர்கள். 14 மெகாஹேர்ட்ஸுக்குரிய இருமுனை அன்டெனா (நடுவில் இணைப்புள்ள இரு கம்பிகளாலானது) சுமார் 10 மீற்றர் நீளமாகும். அலைநீளத்தின் கால் பங்கு உயரமுள்ள செங்குத்து அன்டெனாவுக்கு 5 மீற்றர் போதும், அதனடியில் சில நிலக் கம்பிகளை விரித்துவிட வேண்டும். கடலுப்பு நீர் நன்கு மின்கடத்துவதால், கரையோரத்துச் செங்குத்து அன்டெனா தாழ்ந்த கோணத்தில் வெகுதூரம் எட்டும். அவ்வகையில் உங்கள் மொட்டைமாடி பலருக்கும் வாய்க்காத இடம். ஆனால் அதே உப்புக்காற்று செப்பு இணைப்புகளைச் சில மாதங்களிலேயே பச்சைபிடிக்கச் செய்யும் என்பதால், ஒவ்வோர் இணைப்பையும் ஈயம் பற்றவைத்து, நீர்புகா நாடாவால் இறுகச் சுற்றுங்கள். தொடர்மாடியின் முகாமைக் குழுவிடம் எழுத்தில் அனுமதி பெறவும் மறக்க வேண்டாம்.

மறுமொழி: கொட்டாஞ்சேனை நேயர்

ஒன்றைச் சேர்க்கிறேன். 2004 ஆழிப்பேரலையின்போது தொலைபேசி செயலிழந்த அம்பாந்தோட்டையைக் கொழும்பிலிருந்த பிரதமர் அலுவலகத்தோடு சிற்றலையில் இணைத்தவர்கள் இலங்கை வானொலிச் சங்கத்தினரே. பரீட்சைக்கு முன்பே அச்சங்கத்தோடு தொடர்புகொள்ளுங்கள். அனுபவமுள்ள ஒருவர் தம் நிலையத்தை இயக்கும்போது அருகில் அமர்ந்து பார்க்க முடிந்தால், பாடத்திட்டத்தில் பாதி விளங்கிவிடும்.